பதிவுக்கு ஒரு பெயர்

"இன்னிக்கு நீங்க அந்தப் பேரைச் சொல்லணும், எஜே. உங்க மாமனார் பேரை. மைக்கில, வாய் திறந்து."

இதைக் கேட்கவே கூடாது என்று எனக்குப் பலரும் சொல்லியிருந்தார்கள். அசில்கான் எஜேயின் அறைச் சாவியை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போன பழைய உதவியாளர் சொன்னாள். என் அம்மா தொலைபேசியில் சொன்னாள். ஏர்மெக்கும் சொன்னான். ஏர்மெக் எஜேயின் மகன், முதல் பனிக்கு முன்னால் எனக்குக் கணவனாக வேண்டியவன். "அம்மாகிட்ட எது வேணா கேளு, பெர்மெத். தாத்தா பேரைச் சொல்லச் சொல்லி மட்டும் கேட்டுடாதே."

கேட்டுவிட்டேன்.

எஜே எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எஜே என்றால் அக்கா; வயதில் மூத்த பெண்களை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம். பாராளுமன்ற உறுப்பினர்தான்; ஆனாலும் தன் அறைக்கு வருகிறவர்களுக்குத் தன் கையால்தான் ஊற்றுவார். எப்போதும் பாதிக் கிண்ணம். குடித்துவிட்டு நீட்டினால் மறுபடி பாதி. இருந்து பேசு என்பதற்கு எங்கள் ஊரில் அதுதான் அடையாளம். அன்று அவர் கை நிற்கவில்லை. கிண்ணத்தின் விளிம்பு வரை ஊற்றி என் முன் வைத்தார்.

குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

"குடி, ஆறிடப்போகுது," என்றார், ஒன்றும் நடக்காதது போல.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"நீ என்ன படிச்சே?"

"சட்டம்."

"சட்டத்துல மாமனார் பேரைச் சொல்லணும்னு இருக்கா?"

"சபை விதியில இருக்கு."

எஜே சிரித்தார். அவர் சிரிப்பு நன்றாக இருக்கும். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எங்கள் பகுதியான மேல்கரை முழுக்க ஓட்டுப் போட்டது, என் அப்பா உட்பட. அப்பா ஆடு மேய்க்கிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். என் பட்டத்தை அப்பா கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். எனக்கு இந்த வேலை கிடைத்தது அந்தப் பட்டத்தால் அல்ல, ஏர்மெக்கால் என்று ஊரில் சொல்கிறார்கள். சொல்லட்டும். கேள்வி எழுதுவது நான்தான்.

இன்றைய கேள்வி ஒரு மருத்துவமனையைப் பற்றியது, அது எங்கள் ஊரில் இருக்கிறது. கூட்டுப்பண்ணைக் காலத்தில் அதைக் கட்ட வைத்தவர் எஜேயின் மாமனார். அவர் இறந்த பிறகு அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். வாசலில் பலகை, பலகையில் அவர் பெயர். எங்கள் பக்கத்தில் கல்யாணமாகி வருகிறவள் கணவன் வீட்டுப் பெரியவர்களின் பெயரை வாயால் சொல்லக்கூடாது. எஜே மருமகளாக வந்த நாளிலிருந்து சொன்னதில்லை. பலகையைக் கடந்து போகும்போது படிக்கக்கூட மாட்டார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஊரே அதைச் சொல்லிப் பெருமைப்படும்.

அங்கே இருந்த மயக்க மருந்து டாக்டர் ஓய்வு பெற்றுப் போனார். வேறு ஆளைப் போடவில்லை. பிரசவ வார்டுக்குத் தற்காலிகமாக என்று சொல்லிப் பூட்டுப் போட்டார்கள். அதன் பிறகு எங்கள் ஊர்ப் பெண்கள் கணவாய் தாண்டித்தான் பிள்ளை பெறுகிறார்கள். பனிக்காலத்தில் அந்தக் கணவாயை ஆடு கூடத் தாண்டாது. போன குளிரில் பக்கத்து வீட்டு மருமகள் ஆம்புலன்ஸிலேயே இறந்தாள். பிள்ளை பிழைத்தது. அதற்கு என் அம்மா ஆட்டுப்பால் கொடுக்கிறாள்.

என் தங்கை புருலுக்கு இந்தக் குளிர்காலம் பிரசவம். காலையில் பேசியிருந்தாள்.

"உன் மாமியார் நம்ம ஆஸ்பத்திரியைப் பத்தி எப்பப் பேசுவாங்களாம்? என் பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்தப்புறமா?"

"இன்னிக்குப் பேசுவாங்க."

"போன தடவையும் இதான் சொன்னே. டிவியில பார்த்தோம். ஏதோ பெரியவர், பெரியவர்னாங்க. எங்க வீட்டுக்காரர் கேட்கிறாரு, எந்தப் பெரியவர்னு."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் எளிது. எழுதிக் கொடுக்கிற கேள்விக்கு அமைச்சகம் எழுதிப் பதில் அனுப்பும்: பரிசீலனையில் உள்ளது. அது யாரையும் கட்டாது. அரசு நேரத்தில், அமைச்சரை எதிரே நிறுத்தி வைத்து, மைக்கில் கேட்டால்தான் சபைத்தலைவர் உத்தரவு போடுவார்: இன்ன இடத்தில், இன்ன வேலை, இன்ன தேதிக்குள். அமைச்சர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த உத்தரவில் உறுப்பினர் வாயிலிருந்து வந்த சொல் மட்டும்தான் ஏறும்; மருத்துவமனைக்கோ பதிவேட்டில் அந்த ஒரு பெயர்தான். நான் ஒவ்வொரு முறையும் தாளில் பெரிய எழுத்தில் மருத்துவமனையின் பெயரை அடித்துக் கொடுக்கிறேன். எஜே ஒவ்வொரு முறையும் அந்த இடத்துக்கு வந்ததும் 'எங்கள் பெரியவர் பெயரிலுள்ள மேல்கரை மருத்துவமனை' என்று படிக்கிறார். உத்தரவில் 'மேல்கரை மருத்துவமனைகளின் நிலையை ஆராய்க' என்று ஏறுகிறது. ஆராய்கிறார்கள்.

"வாய் வராது, பெர்மெத்," என்றார் எஜே. சிரிப்பு போயிருந்தது. "முயற்சி பண்ணிப் பார்க்காம இல்லை. வீட்டுல யாரும் இல்லாதப்போ, கண்ணாடி முன்னாடி நின்னு. வரலை."

நான் கிண்ணத்தைத் தொடவில்லை. தாள்களை எடுத்துக்கொண்டு சபைக்குக் கிளம்பினேன்.

உதவியாளர்களுக்குப் பின் சுவரோரம் நாற்காலி. அங்கிருந்து பார்த்தால் உறுப்பினர்களின் பிடரி தெரியும், அமைச்சர்களின் முகம் தெரியும். எனக்கு அது போதும்.

முதலில் நீதி அமைச்சர். தெற்கிலிருந்து வந்த ஓர் உறுப்பினர், தன் மாவட்டத்து நீதிபதி ஏன் பக்கத்து மாவட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டார்.

"நீதி எல்லா மாவட்டத்துக்கும் சமம்," என்றார் அமைச்சர்.

"சமம்தான் ஐயா, பஸ் கட்டணம்தான் வேற. ஆட்டைத் திருடினவனே பரவாயில்லைன்னு ஜனங்க வழக்கை விட்டுட்டுப் போறாங்க."

சபை சிரித்தது. உத்தரவு ஏறியது: மாவட்டத்தின் பெயர், தேதி.

அடுத்து கல்வி அமைச்சர். கீழ்ப்பள்ளத்தாக்கு உறுப்பினர் குபாத் எழுந்தார். பெரிய உடம்பு, வெள்ளைக் கம்பளித் தொப்பி. எஜேயின் கணவருக்கும் அவருக்கும் ஒரு மேய்ச்சல் நிலத்தில் தொடங்கிய பகை தேர்தலில் வந்து நிற்கிறது.

"என் தாத்தா தோல்பாய் பேர்ல ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. தோல்பாய் பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுது. தோல்பாய் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க குடை பிடிச்சுக்கிட்டுக் கணக்குப் போடுறாங்க. தோல்பாய் உயிரோட இருந்திருந்தா அமைச்சரைக் கூரை மேல ஏத்தியிருப்பாரு."

"கூரை சரியாகும்," என்றார் கல்வி அமைச்சர்.

"எந்தக் கூரை? பேரைச் சொல்லிச் சொல்லுங்க."

"தோல்பாய் பள்ளிக்கூடத்துக் கூரை."

ஏறியது. ஆண்கள் தங்கள் தாத்தா பெயரைச் சொன்னால் கூரை கிடைக்கிறது. நான் சுவரோரம் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது சுகாதார அமைச்சர், துருஸ்பெக். அவரும் எங்கள் மேல்கரைதான். எஜேயின் கணவருக்குத் தம்பி முறை. அதனால் எஜே அவருக்கு அண்ணி. அந்த மருத்துவமனையில்தான் அவர் பிறந்தார். அதைப் பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

எஜே எழுந்து படித்தார். கணவாயைப் பற்றி, ஆம்புலன்ஸைப் பற்றி, ஆட்டுப்பால் குடிக்கும் பிள்ளையைப் பற்றி. நான் எழுதியதைவிட நன்றாகப் படித்தார். சபை அமைதியாகக் கேட்டது. அந்த இடம் வந்தது. நிறுத்தினார். அவர் தோள்கள் ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தது எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது.

"எங்கள் பெரியவர் பெயரிலுள்ள, மேல்கரை மருத்துவமனையில்..."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அண்ணி கேட்டு நான் மாட்டேன்னு சொல்வேனா?" என்றார் துருஸ்பெக். சபை சிரித்தது. "மேல்கரையில நாலு மருத்துவமனை. மூணுல பிரசவம் நடக்குது. நாட்டுச் சராசரியை எடுத்துப் பார்த்தா நம்ம மேல்கரை முன்னாடி இருக்கு."

"நான் கேட்டது நாலாவதை."

"எது நாலாவது?" என்றார் சபைத்தலைவர். அவர் வடக்கிலிருந்து வந்தவர், வழக்கம் தெரியாது. "பெயரைச் சொல்லுங்கள், பதிவுக்கு."

எஜே தாளைப் பார்த்தார். பெயர் அங்கே கொட்டை எழுத்தில் இருந்தது.

"பெரியவர் பெயரில்..."

"எந்தப் பெரியவர்?"

துருஸ்பெக் கையை உயர்த்தினார். "தலைவரே, எங்க அண்ணியைச் சங்கடத்துல மாட்டாதீங்க. மாமனார் பேரு அவங்க வாயில வராது. எங்க பக்கத்துப் பெண்கள் அப்படி. இந்தக் காலத்துலயும் இப்படி ஒரு மருமகள் இருக்காங்கன்னு நாம சந்தோஷப்படணும்."

கை தட்டினார்கள். உண்மையாகவே தட்டினார்கள். சில பெண் உறுப்பினர்களும் தட்டினார்கள். துருஸ்பெக்குக்கு அந்தப் பெயர் தெரியும். அவர் வாய்க்கு எந்தத் தடையும் இல்லை. சொன்னால் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

மேல்கரை மருத்துவமனைகளின் நிலையை ஆராய்க. ஏறியது.

"இடைவேளைக்குப் பிறகு சுகாதாரத்தில் துணைக் கேள்விகள் தொடரும்," என்றார் தலைவர்.

உணவகத்தின் வாசலில் துருஸ்பெக் சம்சா தின்றுகொண்டிருந்தார். என் காதைப் பார்த்தார். வெள்ளிக் காதணி, பொண்ணு எங்களுக்கு என்று சொல்லி எஜே தன் கையால் மாட்டியது.

"நீதானே எங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு? கேள்வி எழுதுறது நீயாமே. நல்லா எழுதுறே."

"நல்லா எழுதி என்ன, பைகே? நீங்க நல்லாப் பதில் சொல்லிடுறீங்களே," என்றேன். பைகே என்றால் அண்ணன்; மரியாதைக்குச் சொல்வது.

"கோபப்படாதே. அங்கே ஒரு டாக்டரைப் போட்டா நாளைக்கு ஒவ்வொரு ஊரும் கேட்கும். எங்கேருந்து கொண்டு வர்றது? மலை மேல வர எவன் தயார்?" சம்சாத் துணுக்கை மீசையிலிருந்து தட்டினார். "நீ சின்னப் பொண்ணு. எங்க வீட்டுக்கு வந்துட்டா நீயும் கத்துக்குவே."

"எதை?"

"எதைச் சொல்லக்கூடாதுங்கிறதை."

கணவனின் தாத்தா பெயருக்கும் அந்தத் தடை உண்டு. ஏர்மெக்கைக் கட்டிக்கொண்டால் அந்தப் பலகையைக் கடக்கும்போது நானும் முகத்தைத் திருப்ப வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் தெரிந்ததை இன்னொருவன் சம்சா தின்றுகொண்டே சொல்லிக் கேட்பது வேறு.

"நான் இன்னும் வரலையே, பைகே," என்றேன்.

குபாத் ஜன்னலோரம் நின்று யாருடனோ தொலைபேசியில் கூரையைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"அசில்கான் வீட்டுக்கு வரப்போற பொண்ணு," என்றார். "என்ன, சண்டை போட வந்தியா?"

"கேள்வி கொடுக்க வந்தேன். துணைக் கேள்வி. யார் வேணாலும் கேட்கலாம்."

"உங்க எஜே அனுப்பினாளா?"

"இல்லை."

"அப்போ நீ ஏன் கொடுக்கிறே? நான் கேட்டா அந்த வார்டு நான் திறந்ததுன்னு ஆகும். தேர்தல்ல சொல்லுவேன், தெரியுமில்ல?"

"தெரியும். உங்களுக்கு மேல்கரையில ஓட்டு வேணும். எனக்கு வார்டு வேணும்."

அவர் தொப்பியைச் சற்றுத் தள்ளிவிட்டு நெற்றியைச் சொறிந்தார்.

"உன்னைப் படிக்க வெச்சது தப்பாப் போச்சுன்னு உங்கப்பனை ஊர்ல பேசுவாங்க."

"இப்பவே பேசுறாங்க."

"சரி, பேரைச் சொல்லு. தப்பாச் சொல்லிட்டா துருஸ்பெக் அதையே பிடிச்சுக்குவான்."

"சத்தார்குல் மருத்துவமனை."

சத்தமாகச் சொல்ல நினைக்கவில்லை. சத்தமாக வந்துவிட்டது. தாழ்வாரத்தில் நின்ற எங்கள் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள், ஒருவர் என் காதணியைப் பார்த்தார். நான் மறுபடியும் சொன்னேன், குபாத் எழுதிக்கொள்ள வசதியாக, நிதானமாக.

"சத்தார்குல்."

எஜே அறையில் தனியாக இருந்தார். காலணியைக் கழற்றிவிட்டுக் கால்களை நாற்காலி மேல் நீட்டியிருந்தார். நான் தொடாமல் விட்ட கிண்ணம் அப்படியே இருந்தது, மேலே பாலாடை படிந்து.

"குபாத் கேட்கப்போறாரு," என்றேன். "பேரோட. நான்தான் கொடுத்தேன்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவர் கால்களை மெல்லக் கீழே இறக்கினார்.

"என்னன்னு எழுதிக் கொடுத்தே?"

"பிரசவ வார்டைத் திறக்கணும்னு."

"அது போதாது. துருஸ்பெக் பூட்டைக் கழட்டிட்டுத் திறந்தாச்சும்பான். உள்ளே ஆள் இருக்க மாட்டாங்க. மயக்க மருந்து டாக்டர் பணியிடத்தை நிரப்பி வார்டைத் திறக்கணும்னு கேட்கச் சொல்லு. கணவாய் மூடுறதுக்கு முன்னாடின்னு தேதி போடச் சொல்லு. குபாத்துக்குத் தேதி கேட்கத் தெரியும், கூரைக்குக் கேட்டான் பார்த்தியா."

நான் மேசை மேலிருந்த தாளை எடுத்து எழுதினேன். எழுதி முடித்துத்தான் எனக்கு உறைத்தது.

"இதை நீங்களே அவர்கிட்டச் சொல்லியிருக்கலாமே, எஜே."

அவர் காலணியைத் தேடிக் காலை நுழைத்தார்.

"உங்க வாய்க்கு வரலை, சரி. அவர் வாய்க்கு வருமே. எனக்கு முன்னாடி இருந்தவ கொடுத்திருப்பா. யாரை அனுப்பியிருந்தாலும் கொண்டுபோய்க் கொடுத்திருப்பாங்க. போன வருஷமே."

"கொடுத்திருக்கலாம்," என்றார்.

"பக்கத்து வீட்டு மருமகள்..."

"எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறியா? சாவுச் சடங்குக்கு வந்து உட்கார்ந்தவ நான்." ஜன்னல் பக்கம் திரும்பினார். "குபாத் பேர்ல ஒரு வார்டு. எங்க வீட்டு ஆஸ்பத்திரியில. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துட்டு எப்படி வெளியே நடப்பார்? தேர்தல்ல நான் என்னன்னு நிப்பேன்? அடுத்த தடவை வாய்க்கு வந்துடும், அடுத்த தடவை வந்துடும்னு தள்ளிட்டே வந்தேன்."

அவர் பொய் சொல்லவில்லை. எல்லாமே உண்மை. கண்ணாடி முன்னால் நின்று முயன்றதும் உண்மை, இதுவும் உண்மை. வரவே வராத ஒரு பெயருக்குப் பின்னால் இதையும் வைத்துக்கொள்ள இடம் இருந்தது. துருஸ்பெக் கை தட்ட வைத்தபோது இவருக்கு அவமானமாக இருந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்திருக்கும்.

இடைவேளை முடிந்ததற்கு மணி அடித்தது.

நான் காதணிகளைக் கழற்றினேன். இடது காதில் கொக்கி மாட்டிக்கொண்டது; பொறுமையாக எடுக்க வேண்டியிருந்தது. எஜே பார்த்துக்கொண்டே இருந்தார், தடுக்கவில்லை. இரண்டையும் அந்த நிரம்பிய கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். சாவியையும்.

"ஏர்மெக் என்ன தப்புப் பண்ணினான்?" என்றார்.

"ஒண்ணும் பண்ணலை. நல்லவன்."

"அப்புறம்?"

"அந்தப் பலகையைப் படிச்சுக்கிட்டே போகணும் எனக்கு. அதை அவன்கிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க சொல்ல வேண்டாம்."

அவர் காதணிகளை எடுக்கவில்லை. தேநீர்க் கெண்டியை எடுத்தார், கீழே வைத்தார். இன்னொரு கிண்ணம் எடுக்கக் கை போனது, பாதியில் நின்றது.

"பெர்மெத். தேதியை மறந்துடாதே."

"எழுதிட்டேன்."

தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன். தாழ்வாரத்தில் உறுப்பினர்கள் சபைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். குபாத்தின் வெள்ளைத் தொப்பி கூட்டத்தில் உயர்ந்து தெரிந்தது, கதவை நெருங்கிவிட்டது. எஜேயின் அறைக் கதவைச் சாத்தாமல் அவரை நோக்கி வேகமாக நடந்தேன்.